இரண்டு சாராக்களும் என் முதல் வேலையும்

ஏசிக் குளிரில் எலுமிச்சை சாத வாசனை... இப்போது நினைத்தாலும் மூக்கில் ஏறுகிறது.

வேங்கிக்காலில் ஒரு பைக் ஷோரூமுக்கு மேல்மாடியில் டேட்டா என்ட்ரி ஆபீஸ். என் முதல் வேலை. ஏசியையும் அங்கேதான் முதலில் பார்த்தேன். ஒரு வாரம் விடாமல் தும்மினேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையில், மார்மன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அந்தக் காலத்தில் ஓர் ஊர் கட்டினார்களாம். வேறு இடத்திலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள். சதுப்பு நிலத்தை வடித்து வீடு கட்டினார்கள், மேட்டில் கோயிலும் கட்டினார்கள். பத்து நாளில் ஒரு நாள் உழைப்பு கோயிலுக்கு. நாங்கள் அண்ணாமலைக் கோயில் ஊர்க்காரர்கள், அது சட்டென்று பிடித்துப்போனது. சில வருஷங்களில் அங்கிருந்தும் விரட்டிவிட்டார்கள். கடுங்குளிரில் ஆற்றைக் கடந்து போனார்கள். அவர்களுடைய குடும்பப் பதிவேடுகளைத்தான் நாங்கள் பார்த்து டைப் அடித்தோம்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்கவேண்டும். என் ஜோடி, அடி அண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வரும் மல்லிகா அக்கா. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் டீம் லீடர் கூப்பிடுவார்.

மூன்றாம் மாசம் கூப்பிட்டார். பதினோரு பக்கம் ஒத்துப்போகவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இன்னொரு தப்பு என்றால் வேலை போய்விடும். அப்பாவோ, பையன் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

தப்பு என்னுடையதுதான். ஒரே அப்பா அம்மாவுக்கு இரண்டு சாரா. எழுதினவர் தூக்கக் கலக்கத்தில் இரண்டு முறை எழுதிவிட்டார் என்று ஒன்றைத் தூக்கிவிட்டேன். இப்படியே பதினோரு வீட்டில். பெரிய அறிவாளி என்ற நினைப்பு வேறு!

மல்லிகா அக்கா ஸ்கிரீனில் விரல் வைத்தார். “மொத சாரா ரெண்டு வயசுல செத்துட்டா, பாரு. காய்ச்சல்னு போட்டிருக்கு. அடுத்து பொறந்ததுக்கு அதே பேர வெச்சிருக்காங்க.”

“நம்மூர்ல அப்டி யாரும் வெக்க மாட்டாங்க சார்” என்றேன்.

உண்மைதானே... பிள்ளை தங்காத வீட்டில் அடுத்ததற்குக் குப்பன், பிச்சை என்றுதான் வைப்பார்கள், எமன் சீண்டாமல் போகட்டும் என்று. எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. அதனால்தான் நான் பிச்சாண்டி.

அதையும் சொன்னேன். டீம் லீடர் அந்தப் பதினோரு பக்கப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். “சாயந்தரத்துக்குள்ள அத்தனையும் திரும்ப ஏத்திடு. மேல ரிப்போர்ட் போட மாட்டேன்.”

மல்லிகா அக்கா தன் பஸ்ஸை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னார். பதினோரு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாக ஏற்றினேன். வேலை தப்பியது. ஆனால் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், எனக்கு முன்னால் பிறந்ததுகளுக்கு என்ன பேர் என்று கேட்டேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். “அதெல்லாம் இப்ப இன்னாத்துக்குடா? பையன் பேரு வெக்கறதுக்குள்ளயே போயிட்டான். பொண்ணு... அமுதா.”

அப்புறம் சாப்பிட்டு முடிக்கும்வரை அமுதாவைப் பற்றியே பேசினார். அதுவரை யாரும் கேட்டதில்லையாம்.

இப்போது அந்த மாடியில் மெத்தைக் கடை. பழைய கையெழுத்தை மெஷினே படித்துவிடுகிறதாம். மல்லிகா அக்கா பேத்தி எடுத்துவிட்டார். சம்பளம் கம்மி என்றாலும் நல்ல நாட்கள் அவை...

என் மகளுக்கு அமுதா என்று பேர் வைத்தேன். வேண்டவே வேண்டாம் என்று அம்மா அழுதார். இப்போது எதற்கெடுத்தாலும் அந்தப் பேரைத்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டால், உள்ளேயிருந்து “வரேன் ஆயா” என்று பதில் வருகிறது.