பத்து வெள்ளைத் தாள்கள்

வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில் நின்றிருக்கிறேன். நின்றேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது. ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே என் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. யாராவது கேட்டால், "அதெல்லாம் சும்மா, காலேஜ் விளையாட்டு" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். விளையாட்டெல்லாம் இல்லை. ஒருத்தியின் ஆறு வருடப் படிப்பு அதில் இருந்தது.

அப்போது நான் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆம்பூரிலிருந்து ஒரு பஸ் மாறிப் போகிற தூரம். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் இருக்கும் குரோமியத்தைப் பிரித்தெடுப்பதுதான் என் ஆராய்ச்சி. என் அம்மா ஷூ கம்பெனியில் இருபது வருடமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். அவளுடைய லைனில் எல்லோரும் அவளை "டாக்டரு அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பட்டம் வாங்குவதற்கு முன்பே. சொன்னால் கேட்கிற ஆளா அவள்? அவளே சொல்லி வைத்ததுதான்.

எங்கள் லேப்பில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரே கைடு. கோபப்பட்டே பார்த்திராத மனிதர். பேச ஆரம்பித்தாலே "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பிப்பார். சேர்ந்த அன்றே என்னிடம் பத்து வெள்ளைத் தாள்களைக் கொடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்துப் போடச் சொன்னார். "நான் அடிக்கடி வெளியூர் போவேன்மா. ஆபீஸ்ல திடீர்னு லெட்டர் கேப்பாங்க. நீ அலைய வேண்டாம் பாரு." எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது என் விடுப்புக் கடிதமும் அதை நீட்டிக்கக் கேட்ட கடிதமும் தானாகவே ஆபீசுக்குப் போயிருந்தன. எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லேப்பில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர் ஒரு அக்கா. குடியாத்தத்துக்காரர், வீட்டில் பவர்லூம் போட்டு லுங்கி நெய்கிறார்கள். படிப்பின் நடுவில் கல்யாணம், அப்புறம் ஒரு பெண் குழந்தை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவார். மதியத்துக்குள் பால் கட்டிக்கொண்டு ஜாக்கெட் நனைந்துவிடும். லேப் கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ப்யூரெட்டைத் திறந்து சொட்டு எண்ணுவார்.

ஆறு வருடம் முடிந்தால் பதிவு காலாவதி. குழந்தை பெற்றவர்களுக்குக் கூடுதல் காலம் உண்டு என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் கைடு பரிந்துரைக்க வேண்டும். எங்கள் கைடு மாட்டேன் என்று சொல்லவில்லை. "பாக்கலாம்மா" என்றார். நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு கைடுக்கு இத்தனை மாணவர்கள்தான் என்று கணக்கு உண்டு. ஒருவர் போனால்தான் இன்னொருவர் வர முடியும். புதிதாக ஒரு பையன் சேரக் காத்திருந்தான் என்பது லேப்பில் எல்லோருக்கும் தெரியும்.

ஆராய்ச்சி மாணவர் பேரவையின் தலைவருக்கு, ஏப்ரலில் கூடும் ஆராய்ச்சிக் குழுவில் ஒரு நாற்காலி உண்டு. அங்கே பேரைச் சொல்லிக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை இருந்த தலைவர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டு வந்தார்கள். அக்கா பதிவின் ஆறாம் வருடத்தில் இருந்ததால் விதிப்படி நிற்க முடியாது.

"நீ நில்லுடி" என்றார்.

"நானா? மேடை ஏறினா எனக்கு வாயே வராதுக்கா."

"நாலு பேரு முன்னால ஒரு தபா என் பேரை சொல்லு, போதும். கம்மினு இருக்கறதுக்கு ஏற்கெனவே ஜாஸ்தி பேர் இருக்காங்க."

வேட்புமனுவில் அக்காதான் முன்மொழிந்தார். அந்தப் படிவத்தில் என் பெயருக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே தைரியம் வந்தது.

இரண்டு வாரம் ஓட்டுக் கேட்டேன். ஐயோ, அந்தக் கூத்து. தாவரவியல்காரர்கள் ஏசியைச் சரிசெய்து தரச் சொன்னார்கள். வணிகவியலில் ஒருவர் என் நோட்டீசில் இருந்த எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். எல்லா லேப்பிலும் ஒரே பேச்சுதான். "ஓட்டு உங்களுக்குத்தான் மேடம், எங்க சாருக்கு மட்டும் தெரிய வேணாம்." எதிர்த்து நின்றவர் இயற்பியல். எப்போதும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. விளையாட்டு விழா நடத்துவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நல்ல பையன், குறையே சொல்ல முடியாது.

நூலகத்து ஹாலில் வேட்பாளர் கூட்டம். என் முறை வந்தபோது மேடை ஏறிச் சொன்னேன். குழந்தை பெற்ற ஆராய்ச்சி மாணவிக்குக் கூடுதல் காலம் யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது, தானாகக் கிடைக்க வேண்டும் என்றேன். பின்வரிசையில் பெண்கள் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கைடு கூப்பிட்டார். "அம்மா நல்லா இருக்காங்களா? தேர்தல்ல நிக்கறியாமே. நல்லதுதான், தலைமைப் பண்பு வளரும்." அப்புறம் என் ஆய்வேட்டைப் படித்த வெளித் தேர்வாளர்கள் நல்ல அறிக்கை அனுப்பியிருப்பதாகவும், வாய்மொழித் தேர்வான வைவாவுக்குத் தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி என்றும் சொன்னார். அவ்வளவுதான். அதட்டவில்லை, மிரட்டவில்லை. வெளியே வந்து அக்காவிடம், "சார் ஒண்ணுமே சொல்லலக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

வாபஸ் வாங்கக் கடைசி நாள் மாலை அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு பெயர் இருந்தது. முழுக்கைச் சட்டைக்காரர், போட்டியின்றித் தேர்வு. நூலகர்தான் தேர்தல் அதிகாரி; அவர் அறைக்கு ஓடினோம். வேட்பாளர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். அக்கா வாசலில் நின்றார்.

நூலகர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "மதியமே வந்துடுச்சேம்மா, நீங்க குடுத்ததுதானே?"

மேலே நாலு வரி ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. சொந்தக் காரணங்களால் விலகிக்கொள்கிறேன் என்று. அதற்குக் கீழே அரைப் பக்கம் வெறும் வெள்ளை. தாளின் அடியில் என் கையெழுத்து. போலி இல்லை. என் கையால் நானே போட்டது.

"இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, "அப்புறம் யாரு?" அந்தப் பெயரைச் சொன்ன பிறகு என் வைவா எந்த ஜென்மத்தில் நடக்கும்? அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. பயந்துவிட்டேன். இதை அலங்காரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"ஆமா சார்" என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார், "இன்னாச்சு?"

"அப்புறம் சொல்றேன்க்கா." சொல்லவில்லை. விதிப்படி அந்தக் கடிதத்தின் நகலை நூலகர் பலகையில் ஒட்டினார். அக்கா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். மறுநாள் முழுக்கைச் சட்டைக்காரர் எனக்கு மைசூர்பாகு கொண்டுவந்து கொடுத்து, "ஏன் மேடம் விலகிட்டீங்க? போட்டி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். மைசூர்பாகைத் தின்றேன். அதையும் செய்தேன்.

ஏப்ரலில் குழு கூடியது. விளையாட்டு விழாவுக்கு அனுமதி கிடைத்தது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை வந்ததில்லை. வழி கேட்டுக் கேட்டு, வெயிலில் முகம் சிவந்து வந்து நின்றார். அம்மா பரபரப்பாகி டீ போடப் போனாள். வைவாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அன்றைக்குக் கட்ட அம்மா எனக்கு எடுத்திருந்த புடவை கட்டில் மேல் இருந்தது. அதன் பக்கத்திலேயே அக்கா ஒரு தாளை வைத்தார்.

"பதிவை ரத்து பண்ணிட்டாங்கடி. நானே விலகறேன்னு எழுதிக் குடுத்தேனாம். ஆபீஸ்ல நகல் குடுத்தாங்க, பாரு."

மேலே நாலு வரி. அரைப் பக்கம் வெள்ளை. அடியில் அவர் கையெழுத்து.

"இனிஷியலைப் பாரு. எங்கப்பா இனிஷியல். கல்யாணத்துக்கு அப்புறம் நான் இப்படி கையெழுத்து போட்டதே இல்ல. இதை சொன்னா, 'சேரும்போது போட்ட கையெழுத்தோட ஒத்துப்போவுதே'ங்கறான் ஆபீஸ்ல. ஒத்துப்போவாம? அன்னிக்கு போட்டதுதானே அது!"

சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் ஒருத்தி சொன்னா எடுபடாது. கோவத்துல எழுதிட்டு இப்ப மாத்தறான்னு சொல்லுவாங்க. இந்த மாதிரியே இன்னொண்ணு இருந்தா கேப்பாங்க. அதனாலதான் கேக்கறேன். உன் வாபஸ் லெட்டர், அது நெஜமா நீ எழுதினதுதானா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புடவையைப் பார்த்தேன்.

"நான்தான்க்கா எழுதினேன்" என்றேன். "பயமா இருந்துச்சு. மன்னிச்சுக்கோங்க."

அம்மா டீ கொண்டுவந்தாள். அக்கா வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். "நல்லா இருக்குதும்மா" என்று சொன்னார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ் இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பும் வரை அம்மா வாசலில் நின்று கையாட்டினாள். "எவ்ளோ தன்மையான பொண்ணு" என்றாள்.

வைவா நன்றாக நடந்தது. அம்மா அழுதாள், அவளுடைய லைனில் சாக்லெட் கொடுத்தாள். கைடு என்னைக் கூப்பிட்டு ஒரு பழுப்புக் கவரைக் கொடுத்தார். "இனிமே இது உனக்கு தேவைப்படாது இல்லம்மா." உள்ளே மிச்சத் தாள்கள் ஏழு. அவர் முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. நான், "தேங்க்ஸ் சார்" என்றேன்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போது ஒரு ஷூ கம்பெனியின் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். கதவில் டாக்டர் போட்டு என் பெயர் இருக்கிறது. அதைத் தள்ளித் திறந்துதான் தினமும் உள்ளே போகிறேன். பெருமையாக இருந்ததே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பழுப்புக் கவரை எரிக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு தூங்கவும் முடியவில்லை. போன மாதம் அதை எடுத்துக்கொண்டு குடியாத்தத்துக்குப் போனேன்.

தறிச் சத்தத்தில் பேசுவதே கஷ்டமாக இருந்தது. அக்கா லுங்கிகளை மடித்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. பிறகு மகளைக் கூப்பிட்டு, "சித்தி வந்திருக்காங்க பாரு" என்றார். சித்தி என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்குள் கூட்டிப்போய் டீ கொடுத்தார். நான் கவரைத் தரையில் வைத்தேன்.

"அந்த வாபஸ் லெட்டர் நான் எழுதலக்கா."

"தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"போர்டுல ஒட்டின அன்னிக்கே. மேல நாலு வரி, எங்கேயோ கீழ கையெழுத்து. யாருடி அப்படி லெட்டர் எழுதுவாங்க? மறுநாளே சார்கிட்ட போய் என் பேப்பரையெல்லாம் குடுங்கன்னு கேட்டேன். எப்பவோ கிழிச்சுப் போட்டாச்சும்மான்னாரு."

"தெரிஞ்சே எதுக்கு எங்க ஊட்டுக்கு வந்து கேட்டீங்க?"

அக்கா மடியில் கிடந்த நூல் பிசிறை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"நீ சொல்லுவேன்னு வந்தேன்."

இப்போது வேண்டுமானால் எழுதித் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றேன். வேகவேகமாகப் பேசினேன், அழுதும்விட்டேன். "இப்ப எதுக்குடி பேஜாரு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

குழந்தை கவரைப் பிரித்துவிட்டிருந்தாள். ஐந்து வயதிருக்கும். வெள்ளைத் தாளைப் பார்த்ததும், "அம்மா, வரைஞ்சுக்கட்டா?" என்றாள்.

"வரைஞ்சுக்கோ. நல்ல பேப்பரு, வீணாக்காத."

குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு பஸ் வரைந்தாள். சக்கரம், ஜன்னல், ஜன்னலில் தலைகள். வரைந்து முடித்ததும் தாளின் அடியைக் காட்டி, "இங்க இன்னா கிறுக்கி இருக்குது?" என்று கேட்டாள்.

"சித்தி போட்ட கையெழுத்து" என்றார் அக்கா.

"என் படத்துல அவங்க எதுக்கு போட்டாங்க?"

குழந்தை கறுப்பு கிரேயானை எடுத்து என் கையெழுத்தின் மேல் அழுத்தி அழுத்தி அடித்தாள். பிறகு அடுத்த தாளை இழுத்தாள். ஏழிலும் அடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். அக்கா தடுக்கவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"டீ ஆறிப்போவுது பாரு, குடி" என்றார்.

குடித்தேன்.