கால் எட்டாத வண்டி

எழுபதுகளின் நடுவில் நாங்கள் மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. என் மனைவி தி.நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலையில் ஆளுக்கொரு பஸ்ஸின் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு போவோம். ஒருநாள் அவள் செருப்பு ஒன்று பஸ்ஸோடு போய்விட்டது. அன்று சாயங்காலமே வண்டி வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். ஸ்கூட்டர் என்றால் பதிந்துவைத்துவிட்டு ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் உடனே கிடைக்கும். அதுவரைக்கும் எனக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் குள்ளம். அவள் என்னைவிட நாலு விரற்கடை உயரம். கல்யாண போட்டோவில் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் எடுத்தார்கள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

மவுண்ட் ரோடு கடையில் முதலில் பார்த்தது ஒரு கறுப்பு வண்டி. பெட்ரோல் டாங்கின் ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. எஞ்சின் மட்டும் ஒரு அண்டா அளவு இருந்தது. கடைக்காரர் உதைத்துக் கிளப்பியதும் எழுந்த சத்தம் என் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்டது. "உக்காந்து பாருங்க சார்" என்றார். ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த கண்ணாடிக் கதவில் என்னை நானே பார்த்தேன். வேறு யாரோ ஒரு கம்பீரமான ஆள் போலிருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், கால் கட்டைவிரல்கள் இரண்டும் தரையைத் தேடிக்கொண்டிருந்தன.

"ஓட்ட ஓட்டப் பழகிடும் சார்" என்றார் கடைக்காரர்.

கால் எப்படி நீளப் பழகும் என்று எனக்குப் புரியவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் வண்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நல்லா இருக்குங்க" என்றாள். என்னைச் சொன்னாளா வண்டியைச் சொன்னாளா என்று தெரியவில்லை.

அதே கடையின் மூலையில் இன்னொரு வண்டி நின்றது. சின்னது, நீல நிறம், உருண்டை டாங்க். ஏறி உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்தன. பின்னால் உட்காருகிறவரின் புடவை சக்கரத்தில் சிக்காமலிருக்கக் கம்பிவலையும் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வண்டியில் நான் பார்த்திருந்தவர்கள் எல்லோரும் இருபுறமும் பால் கேன் தொங்கவிட்டுக்கொண்டு போனவர்கள்தான். கண்ணாடிக் கதவில் பார்த்தேன். நான் நானாகத்தான் இருந்தேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

தொழிற்சாலையில் லேத் ஓட்டும் நண்பனிடம் யோசனை கேட்டேன். அவனிடம் இரண்டு புகைக்குழாய் வைத்த சிவப்பு வண்டி ஒன்று இருந்தது. "இன்னா மச்சி, பொண்ணு பாக்கறாப்பல பாத்துக்கினே கீற?" என்றான். "கறுப்பு வண்டி வெயிட்டு. நடுரோட்ல சாஞ்சிச்சின்னா நாலு பேர் வோணும் தூக்க. சின்னது வாங்கு." சற்று நேரம் கழித்து அவனே வந்து, "ஆனா ஒண்ணு, சின்னத வாங்கினா அப்பால கறுப்பப் பாக்கும்போதெல்லாம் வயிறு எரியும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கீழே குடியிருந்த வீட்டுச் சொந்தக்கார மாமியோ கையில் டேப்போடு வந்தாள். வண்டியை உள்ளே நிறுத்த வேண்டுமானால் வாசலை ஒட்டிய குறுகலான ரேழி வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். "ஹேண்டில்பார் எத்தனை அகலம்னு கேட்டுண்டு வந்தேளோ? இந்த நிலைப்படியிலே எங்காத்து பீரோவே சாச்சுத்தான் நுழைஞ்சது" என்றாள். படம் வரைவது என் தொழில். ஆனாலும் அகலத்தைப் பற்றி நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் கடைக்குப் போய் அளந்தேன். கறுப்பு வண்டி ரேழிக்குள் நுழையும், ஆனால் தள்ளிக்கொண்டு போகிற ஆள் பக்கத்தில் நடக்க இடமிருக்காது. அதில் உட்கார்ந்துகொண்டே தள்ளலாம் என்றால் கால் எட்ட வேண்டும்.

நண்பன் என் அவஸ்தை தாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சிவப்பு வண்டியைக் கொடுத்தான். உயரத்தில் அது இரண்டுக்கும் நடுவில். "வூட்டுக்காரம்மாவ இட்டுக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வா, தன்னால தெரிஞ்சிடும்" என்றான். ராஜா அண்ணாமலைபுரம் வழியாக அடையாறு போய்க் கடற்கரையைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம். ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. காற்று முகத்தில் அடித்தது. அவள் கை என் தோளில் இருந்தது. இதுதான் என்னுடைய வண்டி என்று முடிவே செய்துவிட்டேன்.

அடையாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. பிரேக் போட்டு இடது காலை ஊன்றப் போனேன். அங்கே சாலை ஓரமாகச் சரிந்திருந்தது. கால் போய்க்கொண்டே இருந்தது, தரை வரவில்லை. வண்டி அவசரமே இல்லாமல், படுக்கப் போகிற மாடு மாதிரி மெல்லச் சாய்ந்தது. நான் அதோடு சாய்ந்தேன். ஒருக்களித்து உட்கார்ந்திருந்த என் மனைவி மட்டும் சட்டென்று காலை ஊன்றி, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

ஆற்றோரக் குடிசைகளிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. லுங்கி கட்டிய ஒருவர், "இன்னா சார், கால் எட்லியா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த ஓர் அம்மாள் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அக்காதான் ஒசரமா கீதே நைனா. அது ஓட்டட்டும், நீ பின்னால குந்திக்கினு போ."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, சிரிப்பு வந்ததா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவள் சொன்னாள்: "நான் ஒரு தடவை முன்னால உக்காந்து பார்க்கட்டுமா?"

புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். இரண்டு கால்களும் தரையில் நன்றாகப் பதிந்தன. ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு இறங்கினாள். கடற்கரைக்குப் போகாமலே வீடு திரும்பினோம்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு வேண்டாம் என்பது மட்டும் உறுதி. அவள் பத்திரமாகப் போய்வர வேண்டும், அதனால் சின்னதுதான் என்று ஒரு வேளை தோன்றும். அடுத்த வேளை அவளே, "எனக்கென்னமோ அந்தக் கறுப்புதாங்க பிடிச்சிருக்கு" என்பாள். "அப்ப அதையே வாங்கிடலாமா?" என்றால், "உங்களுக்குக் கால் எட்டணுமே" என்பாள். உயரத்தைப் பற்றி எங்கள் வீட்டில் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியது ஒன்றும் தப்பாகப் போகவில்லை. ஆனாலும் வண்டி எது என்பது முடிவாகவில்லை.

கடைசியில் கடைக்குப் போனபோதுகூட எதைச் சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர், "என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். "நீலம்" என்றது என் வாய். அந்தச் சொல் வந்தபிறகுதான் எனக்கே தெரிந்தது. மனைவி தலையாட்டினாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று பார்ப்பதற்குள் கடைக்காரர் இருவருக்கும் காபி வரவழைத்துவிட்டார்.

வண்டி வந்த இரண்டாம் மாதம், "எனக்கும் கத்துக்கொடுங்க" என்றாள். விடிகாலையில் சாந்தோம் பக்கம் கடலோரச் சாலைக்குப் போனோம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முதல் கியரில், துளி ஆட்டமில்லாமல் நேராகப் போனாள். நிறுத்தச் சொல்லிக்கொடுக்க மறந்திருந்தேன். "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அவள் பதறாமல் வண்டியை மணல் பக்கம் திருப்பினாள். சக்கரம் புதைந்து எஞ்சின் தானாக நின்றது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, விழாமல், இறங்காமல், கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. "இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்" என்றாள். பிறகு இறங்கி ஒரு பக்கம் பிடித்தாள், நான் மறுபக்கம் பிடித்தேன். இரண்டு பேருமாக வண்டியை மணலிலிருந்து சாலைக்குத் தள்ளினோம்.