பின்சீட்டின் நுனியில் சித்தி

சித்தப்பாவின் பழைய பைக்கை நினைத்தால் இன்றும் என் கண் நிறைகிறது.

தையல்காரரான அவரும் நர்ஸான சித்தியும் ஏதோ சண்டையில் மாதக்கணக்காகப் பேசிக்கொள்ளவில்லை. காலையில் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விடும் பயணம் மட்டுமே மிச்சம். அதற்கும் வந்தது வினை. நாற்பது வேகத்தைத் தொட்டால் ஹேண்டில் வெடவெடவென்று ஆடியது. மெக்கானிக் டயரை மாற்றினார், ஹேண்டில் திரும்பும் கோன்செட்டை இறுக்கினார். சித்தப்பா தனியாக ஓட்டினால் ஆடவில்லை. சித்தி ஏறினால் ஆடியது.

"தம்பி, இனிமே நான் பஸ்லயே போய்க்கிறேன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க" என்று சித்தி மெக்கானிக்கிடம் சொன்னதும் பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் முகம் வாடியது.

"ஒரே ஒரு தடவை ஏறி உட்காருங்க அக்கா, பாக்கறேன்."

சித்தி பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு சீட்டின் கடைசி நுனியில் உட்கார்ந்தாள்.

மெக்கானிக் சிரித்துவிட்டார். "நடுவுல யாருக்கு இடம் போட்டு வெச்சிருக்கீங்க? எடை பூரா பின்னால போனா முன்சக்கரம் லேசாகி ஆடத்தானே செய்யும்? முன்னாடி தள்ளி உட்காருங்க."

சித்தி முறைத்தாள். பிறகு நகர்ந்தாள். கல்யாணமான புதிதில் போலவே அவள் கை சித்தப்பாவின் தோளைப் பற்றியது.

"மெதுவாப் போங்க" என்றாள்.

அவர்கள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியதும், "ஆட்டம் நின்னுச்சா அண்ணே?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தெரியலப்பா" என்றார் சித்தப்பா. "நாப்பதைத் தொடவே மனசு வரல."