இத்தாலியில் ‘வா’ என்றால் போ

இத்தாலியில் ஒரு நாடகம் முழுவதையும் பாட்டாகவே பாடி நடிக்கிறார்கள். அந்தப் பாடகர்களின் கையெழுத்தைச் சேர்ப்பது என் பைத்தியம். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், குமாஸ்தா வேலை பார்ப்பவனுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள், வீட்டில் தினமும் கேட்கிறார்கள். கடிதம் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, கையெழுத்திட்ட படங்கள் நான்கு வாங்கியிருக்கிறேன். போன தசரா முடிந்த மறுவாரம் அப்படிப்பட்ட ஒரு பாடகரே மைசூருக்கு வந்து, காபித் தோட்டத் துரை ஒருவரின் பங்களாவில் தங்கியிருந்தார். அந்தப் பங்களாவின் பட்லர் என் மைத்துனன் சவரிமுத்து. விடுவேனா?

காலை 7.10க்குச் சிட்டி ஸ்டேஷனில் ரயில். 86 மைல், மூன்றாம் வகுப்பு ஒரு ரூபாய் ஏழு அணா. மத்தூரில் வண்டி நின்றதும் வடை வாங்கிவிடுங்கள், யோசித்தால் தீர்ந்துவிடும். பாடகரின் இசைத்தட்டைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். 11.50க்கு மைசூர்.

பங்களா இருக்கும் நஜர்பாத் அங்கிருந்து இரண்டு மைல். ஜட்கா நான்கு அணா.

“அந்தப் பாட்டுக்காரத் தொரை பங்களாவா சாமி?” என்றார் வண்டிக்காரர். “மூணு நாளா அவரு கத்தறதுல என் குதுரை அந்த ரோட்டுல நிக்கறதே இல்ல. நீங்க முன்னாடியே எறங்கிக்கிட்டா சலீசு.”

சவரி சமையற்கட்டுப் பின்வாசலில், கையெழுத்து வாங்கித் தருவதாக இசைத்தட்டை வாங்கிக்கொண்டான்.

“மாமா, அந்த மாமரத்தடியிலயே உக்காருங்க. மூணு மணிக்கு நானே வந்து கூப்புடுறேன். முன்பக்கம் மட்டும் போயிடாதீங்க, சாயங்காலம் கச்சேரி இருக்கு. தொண்டையக் காப்பாத்திக்கிட்டு இருக்காரு, யாரையும் பாக்கமாட்டாரு.”

இரண்டு நாற்பது வரைதான் பொறுத்தேன். சும்மா ஒரு பார்வை பார்க்கலாமே என்று முன்பக்கம் போனேன். திறந்த கதவுக்குள் அவர், தலையில் துண்டு போட்டு வெந்நீரில் ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டு நிமிர்ந்தார். “வா! வா!” என்றார். கையும் நம்மைப் போலவே உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை அசைத்தது. தமிழ் கற்றுவைத்திருக்கிறாரே மனுஷன் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“வா! வா!” குரல் ஏறியது. இவ்வளவு பிரியமா என்று இன்னும் கிட்டே போய்க் கும்பிட்டேன். அவர் வீறிட்ட வீறிடலில் அன்றைய கச்சேரிக்கான தொண்டை போயிற்று.

அவர்கள் பாஷையில் ‘வா’ என்றால் ‘போ’வாம். அந்தக் கை அசைப்பும் என்னை விரட்டத்தானாம். ரோமில் படித்த எங்கள் பாதிரியார் பிறகு சொன்னார்.

துரை ஓடிவந்தார். யார் இவனை உள்ளே விட்டது என்று கேட்டார். நானாகத்தான் வந்தேன் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியும். அதைத்தான் ஆபீசில் நாள் முழுக்க எழுதுகிறேன். வாய் வரவில்லை. பயம், வேறொன்றுமில்லை. சவரி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, “நான்தான் விட்டேன்” என்றான். பன்னிரண்டு வருஷ வேலை அந்த நிமிஷத்தோடு போயிற்று.

ஸ்டேஷனுக்கு அவனே வந்து தட்டைக் கொடுத்தான். நடு லேபிளில் பச்சை மையில் கையெழுத்து.

“ஒரு மணிக்கே போட்டுக் குடுத்துட்டாரு மாமா. எல்லாருக்கும் பரிமாறி முடிச்சிட்டுக் கொண்டாரலாம்னு இருந்தேன்.”

நான் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வண்டி வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: காலை வண்டியே நல்லது. இசைத்தட்டைத் துண்டில் சுற்றினால் போதும், உடையாது. கையெழுத்துக்கு லேபிள்தான் இடம், மை காயும்வரை தொடாதீர்கள். உள்ளே வேலை பார்க்கும் சொந்தக்காரர் மரத்தடியில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அதை மீறித் தப்பு செய்துவிட்டால், அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதற்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடைப்பதில்லை.

சவரி இப்போது ஊட்டியில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறான். துரையிடம் திமிராகப் பேசி வேலையை விட்டேன் என்று தன் அக்காவிடம், அதாவது என் மனைவியிடம், சொல்லியிருக்கிறான். அவளுக்கு ஆத்திரம் தாளவில்லை, மாதம் ஒரு கடிதத்தில் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன்.