இறுக்கியாச்சோ என்று கேட்டவர்

விரல் நீளமான போல்ட் அது. பழைய கார்களில் ஸ்டியரிங் தண்டு இறங்கி வந்து, பெடல்களுக்கு மேலே கீழ்த்தண்டோடு சேரும் மூட்டில் குறுக்கே போகும். கழற்றினால் பழையதைத் திரும்பப் போடக்கூடாது. மேல்தண்டின் பற்கள் மூட்டுக்குள் முழுதாக இறங்கிவிட்டனவா என்று பார்த்து, புதியதைப் போட்டு, இறுக்கத்தை அளந்து காட்டும் சாவியால் இறுக்கி, இறுக்கியதற்கு அடையாளமாகத் தலையில் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஒழுங்கைச் சொல்வேன். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் மறக்கவில்லை. மறந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாவது மிஞ்சியிருக்கும்.

பாரிஸுக்குப் பக்கத்தில், லா கூர்னெவ்வில் கார் திருத்தும் ஒரு கராஜில் நான் பொறுப்பாளனாக இருந்தேன். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பித்தவன், பிரெஞ்சுக் கைநூலை அகராதி இல்லாமல் வாசிப்பவன் என்பதால் தமிழர் எல்லாருக்கும் நான் ‘சேர்’. ஞாயிறுகளில், பாரிஸில் தமிழ்க்கடைகள் நிறைந்த லா ஷப்பேலில் ஒரு தேநீர்க்கடையில் இருந்து, பிரெஞ்சு எழுதத் தெரியாதவர்களுக்குப் வதிவிட அட்டை கொடுக்கும் பிரிஃபெக்ச்சருக்கும் மற்றக் கந்தோர்களுக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பேன். காசு வாங்கமாட்டேன். மரியாதையாக வாங்கிக்கொள்வேன்.

கராஜில் என்னோடு வன்னியிலிருந்து வந்த ஒருவர் வேலை செய்தார். உழவு இயந்திரங்களிலும் லொறிகளிலும் கைபழகியவர். பிரெஞ்சில் அவருக்கு வணக்கமும் நன்றியும் சில ஸ்பனர்களின் அளவுகளும் தெரியும். ‘டிராக்டர் அண்ணை’ என்று அவருக்குப் பெயர் வைத்தது நான்தான். வயதில் எனக்கு இளையவர் என்றாலும், அந்த ‘அண்ணை’ இருந்தால்தான் பகிடி நன்றாக எடுபடும் என்று பட்டது. அவரும் சிரித்தார். வதிவிட அட்டை புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் கையில் இருக்கவேண்டிய மனிதன் பொறுப்பாளனின் பகிடிக்குச் சிரிக்காமல் என்ன செய்வான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, லா ஷப்பேல் மளிகைக்கடைக்காரரின் பழைய கார் வந்தது. சாவி போடும் பூட்டு இறுகிவிட்டது. அதை மாற்ற ஸ்டியரிங் தண்டை இறக்கவேண்டும். கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததால் வேலையை நானே எடுத்தேன். பற்றறியைக் கழற்றினேன், சக்கரங்களை நேராக நிறுத்தினேன், ஸ்டியரிங் வளையத்தை இழுக்குமுன் அடையாளம் வைத்தேன். எல்லாம் கைநூலில் உள்ளபடி. பூட்டை மாற்றித் தண்டைத் திரும்ப ஏற்றி, கீழ்மூட்டில் புதுப் போல்ட்டை விரலால் சுற்றிவிட்டபோது மணி பத்து இருபது.

“சேர், பத்தரைக்கு முந்திக் கார் வெளிக்கிட வேணும். பிறகு ராகுகாலம்,” என்றார் கடைக்காரர்.

“ராகு பிரான்சுக்கும் விசா எடுத்திட்டாரோ?”

“அவருக்கேன் சேர் விசா? அவர் மேலாலை வாறவர்.”

இந்தப் பதிலோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ராகுகாலம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது, யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு எண்ணிய பத்தரையைப் பாரிஸ் மணிக்கூட்டில் பார்ப்பது அறிவீனம் என்று, கையில் துணியோடு நின்று ஒரு பாடமே நடத்தினேன். அளவுச் சாவி அடுத்த மேசையில் கிடந்தது. பாடம் முடிந்தபோது நேரமும் முடியும் தறுவாயில் இருந்தது. “கீழ்மூடியைப் போடும்,” என்று, மூட்டை மறைக்கும் மூடியைக் காட்டி டிராக்டர் அண்ணையிடம் சொன்னேன்.

அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத் தலையை வெளியே எடுத்தார். “சேர், கீழ் போல்ட் இறுக்கியாச்சோ? மஞ்சள் கோட்டைக் காணேல்லை.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காகத்தான் எல்லாம் நடந்தது. “நீர் எனக்குப் படிப்பிக்கிறீரோ? இது டிராக்டர் இல்லை,” என்றேன். கடைக்காரர் சிரித்தார். டிராக்டர் அண்ணை திரும்பவும் குனிந்தார். மூடியைப் போட்டார். கடைசியாக மூடுகிறவர் வேலைத்தாளில் கையெழுத்து வைப்பது எங்கள் கராஜ் வழக்கம். அவர் தமிழில் வைத்தார். ராகுவுக்கு இரண்டு நிமிடம் முன்பாகக் கார் வெளியே போனது.

மூன்றாம் நாள் ஒரு சந்தியில் ஸ்டியரிங் வளையம் திரும்பியது, சக்கரங்கள் திரும்பவில்லை. கார் நடைபாதையில் ஏறி இரும்புக் கம்பத்தில் மோதி நின்றது. கடைக்காரருக்கு மணிக்கட்டு முறிந்தது. கம்பத்துக்கு அப்பால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாளாம்.

முதலாளி எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலைத்தாள் மேசையில் இருந்தது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத வகுப்பு எங்களுடையது. மூடியைப் போடுகிறவர் போடுமுன் மூட்டைச் சரிபார்க்கவேண்டும் என்பது விதி என்றேன். கையெழுத்து அவருடையது என்றேன். அவர் நல்ல வேலைக்காரர், பாவம், முறைப்படி பயின்றவர் அல்ல என்றும் சொன்னேன். அவர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் மட்டும் சொல்லவில்லை. என் பிரெஞ்சு அன்றைக்குப் பிழையில்லாமல் வந்தது. டிராக்டர் அண்ணை தொப்பியைக் கையில் பிடித்தபடி தலையாட்டிக்கொண்டு நின்றார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். “எனக்காக நல்லாக் கதைச்சியள் சேர். பெரிய உதவி.”

கை எண்ணெய்ப்பிசுக்காக இருந்தது. நான் மெதுவாக இழுத்துக்கொண்டேன். அந்தக் கிழமையே அவரை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தேநீர்க்கடைக்கு வந்தார். அட்டை முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. வேலை போன காரணத்தை விளக்கிப் பிரிஃபெக்ச்சருக்கு எழுதவேண்டும் என்றார். “பிழை என்ரைதான் எண்டு எழுதுங்கோ சேர். சரிபாக்காமல் மூடிப்போட்டன், இனிக் கவனமா இருப்பன் எண்டு போடுங்கோ. மறைச்சால் நம்பமாட்டினம்.” நான் எழுதினேன். என் குற்றத்தை அவர் வாயால், என் கையால், நல்ல நடையில். கீழே அவர் தமிழில் கையெழுத்து வைத்தார். அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. ஒரு பிரெஞ்சுச் சொல்லில் எழுத்தின் மேல் போடும் உச்சிக்குறி விடுபட்டிருந்தது, அதைத் திருத்தினேன்.

முழு அட்டை கிடைக்கவில்லையாம், மூன்று மாதம், மூன்று மாதமாகத்தான் நீட்டிக் கொடுத்தார்களாம். வில்லியே லே பெல் என்ற புறநகர்ப் பக்கம் போய், உணவகங்களில் பாத்திரம் கழுவினார் என்று கேள்விப்பட்டேன். நான் விசாரிக்கவில்லை. கேள்விப்பட்டதே போதுமாக இருந்தது.

போன மாதம் லா ஷப்பேலில் மரக்கறி வாங்கும்போது, பின்னாலிருந்து “சேர்” என்ற குரல். டிராக்டர் அண்ணை. தலை முழுக்க நரைத்திருந்தது. மறுக்க மறுக்க ஒரு கடைக்குள் கூட்டிப்போய் இருத்தினார். மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள், மகன் படிக்கிறான் என்றார். நான் பல வருடங்களாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வாக்கியங்களைத் தொடங்கினேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் அல்லவா? முதலில் போல்ட், பிறகு அவர் கேட்ட கேள்வி, பிறகு முதலாளியின் அறை. போல்ட்டைத் தாண்ட அவர் விடவில்லை.

“தெரியும் சேர். அண்டைக்கே தெரியும்.”

“உமக்குப் பிரெஞ்சு விளங்கேல்லையே?”

“பிரெஞ்சு விளங்கேல்லைத்தான். என்ர பேர் ரெண்டு மூண்டு தரம் வந்தது. நீங்கள் என்ர பக்கம் திரும்பேல்லை. அதுக்குப் பாஷை வேணுமோ?”

“பிறகேன் எனக்கு நன்றி சொன்னனீர்?”

அவருக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்கவேண்டும். சிரித்துக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னார்.

“உங்களைப் பகைச்சால் கடுதாசி ஆர் சேர் எழுதித் தாறது? அப்ப எனக்கு உங்களை விட்டால் ஆர் இருந்தது? இப்ப பிள்ளையள் எழுதித் தருகினம். இனி அந்தத் தேவையில்லை.”

பிறகு மகளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்க முயன்றேன்.