இடது கையால் சாப்பிட்ட கதாநாயகன்

சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு நான் ஊர் திரும்பியபோது, ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் என் படிப்பைப் பற்றி விசாரிக்காத ஆள் இல்லை. புரிந்துகொண்ட ஆளும் இல்லை. அப்பாவின் ஜவுளிக்கடைக்கு வருகிறவர்கள், "சமூகவியல்னா இன்னாங்க, பஞ்சாயத்து பண்றதா?" என்று கேட்பார்கள். "அந்த மாதிரிதான்" என்று அப்பா துணியை அளந்துகொண்டே சொல்வார். பெங்களூரில் நான் விடுதிச் சோறு தின்று கழித்த வருடங்களுக்கு அவர் கொடுத்த விளக்கம் அவ்வளவுதான். இன்று யோசித்தால் அவர் அதிகமாகவே மதிப்புக் கொடுத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. ஊரை ஒட்டிய தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர்களுக்காக ஒரு சங்கம் மாலை வகுப்பு நடத்தி வந்தது. இங்கிலீஷ், கணக்கு, சமூகம் என்று மூன்று பாடங்கள். மூன்றிலும் தேறியவர்கள் தரைக்கு மேலே குமாஸ்தா வேலைக்கு மனுப் போடலாம். தினமும் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி, பூமிக்கடியில் அடுப்பு போல் கொதிக்கிற லெவல்களில் பாறை உடைக்கிறவர்களுக்கு அது என்ன பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. எனக்கு மட்டும் விளக்க வேண்டியிருந்தது. நான் அதை என் புலமையை அரங்கேற்றக் கிடைத்த மேடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடப்புத்தகம் சீமையில் எழுதியது. அதன்படி குடும்பம் என்றால் ஒரு கணவன், ஒரு மனைவி, இரண்டு குழந்தைகள், ஒரு நாய். ஒரே அறையில் எட்டுப் பேர் ஷிஃப்ட் வைத்துத் தூங்குகிற லைன் வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இதை நடத்தினேன். முதல் வாரம் பாதி வகுப்பு தூங்கியது. மீதிப் பாதி, மரியாதைக்காகக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கியது.

இரண்டாவது வாரம் எனக்கு ஞானோதயம் வந்தது. சினிமா! இவர்கள் எல்லோரும் சினிமா பார்க்கிறவர்கள். நம் படங்களில் இல்லாத சமூகவியலா? ஏழை வண்டிக்காரனை மில் முதலாளியின் மகள் காதலிக்கிறாள், அது வர்க்கம். முதலாளி துப்பாக்கியை எடுக்கிறார்; அது அதிகாரம். கடைசி ரீலில் வண்டிக்காரன் முதலாளியின் தொலைந்துபோன தங்கை மகன்தான் என்று ஒரு மச்சத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். ஏழை பணக்காரன் ஆவதற்கு நம் சமூகம் ஒப்புக்கொண்ட ஒரே வழி அது. இப்படி நடத்தியதும் வகுப்பு விழித்துக்கொண்டது. பக்கத்து அறைக் கணக்கு வாத்தியார் கதவருகே நின்று கேட்க ஆரம்பித்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அந்த நாட்களில் நான் ஓயாமல் ஓதிய மந்திரம் ஒன்று உண்டு. "சமூகவியலுக்கு முதல் விதி, கண்ணால பாத்தத எழுதணும். யாரோ சொன்னத எழுதக் கூடாது." மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். நான் கண்ணால் பார்த்ததெல்லாம் பஜாரும், பஸ் ஸ்டாண்டும், பஜாரில் இருந்த இரண்டு தியேட்டர்களின் பால்கனியும்தான். அங்கே பிறந்து வளர்ந்தும், சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கிற கேம்ப் பக்கம் போனது விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். இது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

வகுப்பில் ஒருவர் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. முதல் ஷிஃப்ட் முடிந்து, குளித்து, தலையைப் படிய வாரிக்கொண்டு முன் பெஞ்சில் வந்து உட்காருவார். அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் காத்திருந்து என்னிடம் சொன்னார்.

"சார், இந்த வாட்டி பாஸ் பண்ணிட்டா மேல வந்துடுவேன். எங்கப்பா நெஞ்சுல தூசி ஏறித்தான் பூட்டாரு. அண்ணனுக்கும் ஏறிகீது. எனுக்கு இப்பத்தான் இருமல் ஆரம்பிச்சிகீது. சீக்கிரமா மேல வந்துட்டா பொழச்சிக்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

"கண்டிப்பா பாஸ் பண்ணுவீங்க" என்று தோளைத் தட்டினேன். தோளைத் தட்டுவதில் நான் அப்போதே தேர்ந்திருந்தேன்.

தேர்வு வந்தது. சமூகப் பாடத்தில் பெரிய கேள்வி ஒன்று வைத்தேன்: நீங்கள் பார்த்த ஒரு படத்தைக் கொண்டு, வழக்கம் என்றால் என்ன என்று விளக்குக. என் கேள்வியை நானே நாலு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன்.

அவர் எழுதியிருந்த விடை எனக்கு இன்றும் மனப்பாடம். "நான் பார்த்த படத்தில் கதாநாயகன் பந்தியில் உட்கார்ந்து இடது கையால் சாப்பிடுகிறான். கூட உட்கார்ந்த பெரியவர்களும் இடது கையால்தான் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பெண் இடது காலை எடுத்து வைத்து வீட்டுக்குள் வருகிறாள். மாமியார் சந்தோஷப்படுகிறாள். யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தால் எந்தக் கையும் நல்ல கைதான், எந்தக் காலும் நல்ல கால்தான். வழக்கம் என்பது அதுதான்."

படத்தின் பெயரையும் எழுதியிருந்தார். அந்தப் படத்தை நான் பால்கனியில் உட்கார்ந்து இரண்டு முறை பார்த்திருந்தேன். கதாநாயகன் வலது கையால்தான் சாப்பிட்டான். படமே பார்க்காமல் கதை விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். பூஜ்யம் போட்டேன். அதோடு விட்டிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். வகுப்பில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தேன்.

"இடது கையால சாப்பிடற ஹீரோவ எந்த ஊர் சினிமால பாத்தீங்க? படத்த பாத்தீங்களா, கனவு கண்டீங்களா?"

முன் வரிசையில் இருந்த மேஸ்திரி மகன்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வகுப்பே சிரித்தது. மாரிகுப்பத்திலிருந்து ரயிலில் வருகிற இளைஞர் ஒருவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பூஜ்யம் வாங்கியவர் மட்டும் எழுந்து நின்று, "பாத்ததத்தான் சார் எழுதினேன்" என்றார். "உக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார். அடுத்த நாளிலிருந்து வகுப்புக்கு வரவில்லை. அந்த ஒரு கேள்வியால் அவர் தேறாமல் போனார். தேறியவர்கள் பட்டியல் சுரங்க ஆபீஸுக்குப் போயிற்று.

சினிமாவை வைத்துப் பாடம் நடத்துகிற வாத்தியார் என்று என் புகழ் பரவியதில், கேம்ப் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. எந்தக் கேம்ப் என்று சொல்லப் போவதில்லை. மாதம் ஒரு முறை மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி இலவசமாகப் படம் காட்டுவார்கள். படத்துக்கு முன்னால் 'திரைப்படமும் சமுதாயமும்' என்று நான் பேச வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். பொழுது சாய்ந்ததும் என்னை முதல் வரிசை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஆபீஸ்காரர்கள், அடுத்து பெஞ்சுகளில் மேஸ்திரிகளும் கடைக்காரர்களும். அரை மணி நேரம் பேசினேன். சமுதாயத்தின் எல்லாப் படிகளையும் ஒன்றாக உட்கார வைக்கிற மகத்தான சக்தி சினிமா என்றேன். நாற்காலிகள் கை தட்டின.

விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள். கிடைத்தது அதே படம்தான். பேசும்போது குடித்த சோடா வேலையைக் காட்டியது. ஒதுங்க இடம் தேடி, திரை கட்டிய கம்பத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அங்கே ஒரு ஊரே உட்கார்ந்திருந்தது.

முன்னால் இருந்ததைப் போல நாலு மடங்கு கூட்டம். கோணிப்பை விரித்து, பாய் விரித்து, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு, துணியின் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்தில் இறங்குகிறவர்களின் லைன்கள் அத்தனையும் அங்கே இருந்தன. பின்னால்தான் உட்கார வேண்டும் என்று யாரும் போர்டு மாட்டவில்லை. யார் எங்கே உட்காருவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, சமூகவியல் எம்.ஏ.வுக்கு மட்டும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பந்திக் காட்சி கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகன் இடது கையால் உருட்டி உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

வந்த வேலையை மறந்து நின்றேன். வகுப்பில் சத்தமாகச் சிரித்த மாரிகுப்பத்து இளைஞர் பக்கத்திலேயே, உறவுக்காரர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் ஏன் அவ்வளவு சத்தமாகச் சிரித்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பூஜ்யம் வாங்கியவர் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்தார். சின்ன மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கோணிப்பையில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, இந்தப் பக்கம் உக்காந்து பாத்தேன்னு" என்றேன். இப்போதும் தப்பு அவருடையது என்பது போலத்தான் வாயில் வந்தது.

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார். இங்க எல்லாருக்கும் தெரியுமே" என்றார். கொஞ்சம் இருமிவிட்டு, "நீங்க வாசிச்சி சிரிச்சப்பதான், தெரியாதுன்னு தெரிஞ்சிது. எல்லாருமா சிரிக்கும்போது எழுந்து, நாங்க பின்னால ஒக்கார்றவங்கன்னு எப்டி சார் சொல்றது?" என்றார்.

நாளைக்கே ஆபீஸில் பேசி மார்க்கைத் திருத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்ததைத் திரையின் வெளிச்சத்தில் பார்த்தேன்.

சொன்னபடியே மறுநாள் போனேன். பட்டியலை வைத்திருந்த அதிகாரி நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "அதுக்கென்ன சார், சேத்துடலாம். விடை சரி, நான் திருத்தினது தப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க சங்கத்துக்கும் ஒரு காப்பி போயிடும்" என்று காகிதத்தை நகர்த்தினார்.

என் வேலை அப்போது தற்காலிகம். இரண்டு மாதத்தில் நிரந்தரமாக்குவதாகச் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். பேனாவை எடுத்தேன். மூடியைக் கழற்றினேன். மறுபடியும் மூடினேன். "யோசிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அதிகாரத்தையும் பயத்தையும் பற்றி வகுப்பில் எட்டு நாள் நடத்தியவன் நான்.

பூஜ்யம் வாங்கியவரிடம், பட்டியல் முடிந்துவிட்டதாம், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாதாம் என்று சொன்னேன். "பரவால்ல சார். எனுக்காகப் போய் கேட்டீங்களே, அதுவே பெருசு. ஒரு வருஷந்தானே" என்றார். அதைவிட அவர் என்னைத் திட்டியிருக்கலாம். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

அந்த ஒரு வருடம் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொன்னால், கீழே இறங்கியவரை விட்டுவிட்டு மேலே இருந்தவனுக்கு அனுதாபம் தேடுவதாகிவிடும். சுரங்கத்தில் பாறை வெடித்தால் பஜாரில் கடை அலமாரிகள் கிடுகிடுக்கும். முன்பெல்லாம் அதிர்வு நின்றதும் நாங்கள் விழுந்த பாத்திரங்களைத்தான் பார்ப்போம். அந்த வருடம் நான் செருப்பை மாட்டிக்கொண்டு, கேஜ் ஏறி இறங்குகிற ஷாஃப்ட் பக்கம் ஓடினேன். ஒவ்வொரு முறையும் கேஜிலிருந்து வெளியே வருகிற முகங்களில் அவரைத் தேடி, பார்த்ததும் மறைந்துகொண்டு திரும்பி வந்தேன். ஒரு முறைகூட நேரில் போய் நின்று உண்மையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அவர் மறுபடியும் வகுப்பில் சேர்ந்தார். இப்போது கடைசி பெஞ்ச். நான் சொல்வதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். இருமல் வந்தால் வெளியே போய் இருமிவிட்டு வருவார்.

அந்த வருடத் தேர்வில் அதே கேள்வியைத்தான் வைத்தேன். அவர் பழைய விடையையே எழுதட்டும், முழு மார்க் போட்டு என் பாவத்தைக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒரு புத்திசாலித்தனம். எல்லாத் தாள்களையும் தள்ளிவிட்டு அவருடைய தாளை முதலில் எடுத்தேன்.

என் நோட்ஸ் வரி பிசகாமல் இருந்தது. சீமைப் புத்தகத்தின் இலக்கணம் இருந்தது. கதாநாயகன் பந்தியில் உட்கார்ந்து வலது கையால் சாப்பிட்டான். கல்யாணப் பெண் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். அவர் தன் கண்ணால் பார்த்தது அதில் ஒன்றுகூட இல்லை. நெடுநேரம் தாளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? முழு மார்க் போட்டேன்.

அவர் தேறினார். மேலே வந்தார். ஆர்டர் கைக்குக் கிடைத்த அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெரிய மகளைக் கூட்டிக்கொண்டு, பழத் தட்டோடு எங்கள் கடைக்கு வந்தார். அப்பா நாற்காலி போடச் சொன்னார். அவர் உட்காரவில்லை. தட்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இந்த வாட்டி கரெக்டா எழுதிட்டேன் இல்ல சார்?"

"கரெக்ட்தான்" என்றேன்.