மாமாவின் மணிக்கட்டு

எங்கள் மாமா பந்தியில் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் அடுத்த வரிசைக்கு நகர முடியாது. அம்மாவின் தம்பி, திருவண்ணாமலையில் செருப்புக் கடை வைத்திருந்தார். நான் ஆறாம் வகுப்பு படித்தபோது கீழ்பென்னாத்தூரில் ஒரு நிக்காஹ். மூன்று தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டு, மேலே இரண்டு கிண்ணம் இனிப்புச் சோறும் தின்று, செரிக்கட்டும் என்று ஒரு பன்னீர் சோடாவையும் குடித்தார். திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தி நெஞ்சைத் தடவினார்.

“கேஸ்தான். இறங்கி நடந்தா சரியாயிடும்.”

அந்த வாரம்தான் அறிவியல் டீச்சர் நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். அகப்பட்ட ஒருவர் கையையும் நான் விட்டுவைக்கவில்லை. மாமாவின் கையையும் பிடித்தேன். நாடி ஓடியது, நின்றது, அவசரமாக இரண்டு துள்ளல், மறுபடி நின்றது.

“அம்மா, மாமாவுக்குத் தப்பு தப்பா அடிக்குது!” பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

இறங்கியதும் அம்மா அவரை ஆட்டோவில் ஏற்றி நேராக டாக்டரிடம் கொண்டுபோனாள். ஈ.சி.ஜி. எடுப்பதற்குள் துடிப்பு ஒழுங்காகிவிட்டது. “பாத்தியாக்கா? சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு வந்துட்ட” என்று மாமா சட்டைப் பொத்தானைப் போட்டார்.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். “எப்டி அடிச்சுது? மேஜையில தட்டிக் காட்டு.”

துளியும் தயங்காமல் தட்டினேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. அவர் சிரிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிய ஒரு கருவியை மாமாவுக்கு மாட்டிவிட்டார். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் தட்டிய அதே துடிப்பு அதில் பதிவாகியிருந்தது.

“வயித்துக்கும் இதயத்துக்கும் ஒரே நரம்பு போகுதுங்க. வயிறு முட்டினா சில பேருக்குத் துடிப்பு தடுமாறும். மாத்திரை தரேன். கம்மி கம்மியா பிரிச்சுச் சாப்பிடுங்க, சோடா வேணாம். மறுபடி வந்தா கேஸ்னு உட்காந்துடாதீங்க, உடனே வாங்க.”

மாமா டாக்டரம்மா சொன்னபடியே நடந்துகொண்டார். தினமும் அரைத்தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, “டாக்டரே, பாருங்க” என்று கையை நீட்டுவார். கண்ணை மூடிப் பார்த்து, “சரியா ஓடுது” என்பேன். உடனே கடைக்குப் போய்விடுவார். நல்ல விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் வேடிக்கைக்காக, “நின்னு நின்னு அடிக்குது மாமா” என்று பொய் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

“சும்மா சொன்னேன் மாமா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. “இன்னொரு தடவை பாத்துடும்மா” என்று மறுபடி நீட்டினார். நல்ல வெயில் நேரத்தில் அந்தக் கை ஏன் அப்படிச் சில்லென்று இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.